தோண்டாத சுவர்

நூலகத்துக்குப் பின்னால் மாணவர்கள் ஐந்து பேர் வெட்டிய அகழாய்வுக் குழிக்குள் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. ஒரு மாதமாக வெறுங்காலில் நடந்து பழகியதில், தடத்தைப் பார்த்தே அது யாருடைய கால் என்று ஐந்து பேரும் சொல்லிவிடுவார்கள். அன்று காலை தார்ப்பாயை விலக்கிய சஃபியாவால் சொல்ல முடியவில்லை.

முந்தின நாள் மாலையில் சமன்செய்து மூடிய ஈரத் தரையில் சின்னஞ்சிறு தடங்கள். இன்னும் தோண்டாத கிழக்கு மண்சுவரின் அடியில் தொடங்கி, அவள் தினமும் குந்தியிருந்து மண் சுரண்டும் மூலைவரை வந்திருந்தன. அங்கே கால்விரல்கள் மட்டும் ஆழப் பதிந்திருந்தன, எதையோ எட்டிப் பார்த்ததுபோல. பிறகு சுவருக்கே திரும்பிப் போயிருந்தன.

"வாட்ச்மேன் வீட்டுப் புள்ளையா இருக்கும்," என்றான் எட்வின். "போட்டோ எடுத்தாச்சு. அந்தச் சுவரை இன்னைக்கே வெட்டணும்னு மேடம் சொல்லிட்டாங்க. நீயே ஆரம்பி."

"செருப்பு போடாம வந்திருக்கு பாரு," என்றாள் சஃபியா.

சுவரின் முன்னால் போய் நின்றாள். மண் சுரண்டும் கரண்டியின் முனையை மண்ணில் வைத்தவள், எடுத்துத் திருப்பிப் பிடித்தாள். மரப்பிடியால், கதவைத் தட்டுவதுபோல, மூன்று முறை மெல்லத் தட்டினாள். பிறகு ஓரடி விலகி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காத்து நின்றாள்.