மூன்றாவது பெட்டி

"திரும்பிப் பாக்கக் கூடாது மாஸ்டர். பெட்டி மேல இருக்குற கம்பெனி பேரைப் பாத்தா காது கெட்டுப்போயிடும்" என்று சொல்லி, முதலாளி லிஸான்ட்ரோ நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

எவாரிஸ்தோ உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டுத் திரை கட்டியிருந்தது. அதற்குப் பின்னால், கிட்டாரின் ஒலியை மாற்றித் தரும் டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பெட்டிகள் மூன்று இருப்பதாக முதலாளி சொல்லியிருந்தார்.

லிமா நகரத்தில், முதலாளி நடத்தும் கூம்பியா நடன இசைக் குழுவின் கிட்டார் என்றால் எவாரிஸ்தோதான். ஆனால் அவருடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கச்சேரிக்காக மலையேறும் பஸ்ஸில் இனி அதற்கு இடமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அதே நாதத்தைத் தரும் சின்னப் பெட்டி ஒன்று கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் குழுவில் தனக்கும் இடமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"வாசிக்கப்போறது சவுண்டுக்கார ரோலிதானே? தூங்காம வாசிக்கச் சொல்லுங்க முதலாளி."

முதலாளி சிரித்தார். "ஆரம்பிக்கலாம்!"

எவாரிஸ்தோவின் புகழ்பெற்ற மெட்டு கிளம்பியது.

"நிறுத்து, நிறுத்து! மேல் ஸ்வரமெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு. எக்கோ தகர டப்பாவுக்குள்ள கத்துது. தூக்கிப் போடுங்க."

"இரண்டாவது!"

"ம்... தேவலை. ஆனா கம்பியை வளைச்சு அழவைக்கிற இடத்தைப் பெட்டி முழுங்கிடுது. அழுகை வரல, விக்கல்தான் வருது."

"மூணாவது!"

முதல் வரியிலேயே அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி விழும் அடி, வளைந்த கம்பி மெல்ல இறங்கி விம்முகிற விம்மல், எல்லாம் அப்படியே.

"இது நான்தான்!" என்று தொடையைத் தட்டினார். "அந்தத் தடிமாடு ரோலியையே என்னை மாதிரி வாசிக்கவைக்குதே! என்ன பெட்டி முதலாளி இது!"

"அவசரப்படாதீங்க. மலை மேல ஹுவான்காயோ ஜனங்க கண்டுபிடிச்சிட மாட்டாங்களே?"

"என் பொண்டாட்டியே கண்டுபிடிக்க மாட்டா!"

"அப்போ மூணாவதையே முடிவு பண்ணிடலாமா?"

"கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. நான் சொல்றேன்."

அப்போது தெருக்கதவைத் திறந்துகொண்டு ரோலி உள்ளே வந்தான், கையில் இறைச்சி அடைத்த சூடான எம்பனாதா பொட்டலத்தோடு. "யாரை மாஸ்டர் தடிமாடுங்கிறீங்க? வாசல் வரைக்கும் கேக்குது."

எவாரிஸ்தோ சட்டென்று திரும்பிப் பார்த்தார். எழுந்து போய்த் திரையை விலக்கினார்.

தரையில் இருந்தது ஒரே ஒரு பெட்டி. அதைச் சுற்றி, கையில் கிட்டாரோடு, அவர் முன்பின் பார்த்திராத மூன்று பேர். மூன்றாவதாக இருந்த இளம்பெண் அவசரமாக எழுந்து வணக்கம் சொன்னாள்.

"பெட்டியை போன மாசமே வாங்கிட்டேன் மாஸ்டர். வாசிக்க ஆள்தான் தேடிட்டிருந்தேன். யாரு கை உங்க கை மாதிரின்னு எனக்கு எங்க தெரியுது?" என்ற முதலாளி, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை விடிகாலைல பஸ் கிளம்பிடும். வந்துடும்மா."