காஜா முகைதீன் கொண்டுவந்த வெளிச்சம்

"கையும் களவுமா மாட்டுனியாலே!"

காஜா முகைதீன் ஏணியைப் பிடித்து ஆட்டினார். மேலே பேரூராட்சி வயர்மேன் சங்கிலிபூதத்தான். அவன் கை மெர்க்குரி விளக்கின் பல்பில் இருந்தது.

"ஆட்டாதீங்க பாய். விழுந்தா உங்க மேலதான் விழுவேன்."

இன்னும் பொழுது அடையவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றுகொண்டார்கள். பேரூராட்சித் தலைவர் தில்லைநாயகமும் வந்துவிட்டார்.

"பாத்தீரா தலைவரே! பகல்ல பாத்தா பல்பு இருக்கு. பொழுது அடைஞ்சா எரிய மாட்டேங்கு. சாயங்காலம் வந்து லூசாத் திருகி விட்டுட்டுப் போறான். சாராயம் விக்கவனுக்கு இருட்டு வேணும்லா!"

ஆற்றங்கரைத் தெருவுக்கு அந்த விளக்கைக் கொண்டுவந்தவரே காஜா முகைதீன்தான். தலைவர் வீட்டுக்கு நடையாய் நடந்து, தன் வாசலுக்கு நேராகவே கம்பம் நடவைத்தார்.

வயர்மேன்மீது அவருக்குப் பழைய கோபம் ஒன்றும் உண்டு. மகன் ஆரிப் கல்யாணத்துக்குத் தெருவிளக்குக் கம்பியில் கொக்கி போட்டு வீடு முழுக்கச் சீரியல் லைட் எரியவிட்டிருந்தார். பிரியாணிப் பந்தி பாதியில் வந்து கொக்கியைப் பிடுங்கிப் போட்டவன் இவன்தான். சம்பந்தி வீட்டார் இருட்டில் எலும்பைக் கடித்தார்கள். ஐந்து வருஷமாகிறது. காஜா முகைதீன் எதையும் மறந்ததாகத் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

"ஏன்லே திருகுன?" என்றார் தலைவர்.

சங்கிலிபூதத்தான் இறங்கி வந்து தலையைச் சொறிந்தான். "சொல்ல முடியாது, அண்ணாச்சி."

"சொல்லலைன்னா வேலை போயிரும்லே."

"போனா போவுது."

"எவ்வளவு திமிரு பாத்தீரா!" காஜா முகைதீன் துள்ளினார். "இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பும்வே!"

"இங்கன கொஞ்சம் வந்துட்டுப் போங்க." வாசலில் மனைவி ஜுபைதா பீவி. குரல் சரியில்லை. காஜா முகைதீன் உள்ளே போனார்.

"அவனைத் திருகச் சொன்னது நான்தான்."

"என்னது?"

"மருமவ அர்ஷியாவுக்கு அஞ்சு வருசமா வயித்துல ஒண்ணும் தங்கலை. ஆரிப் சவூதியில இருந்து வந்திருக்கது ரெண்டு மாச லீவு. பாளையங்கோட்டை டாக்டரம்மா மாத்திரை குடுத்துட்டு, ராத்திரி நல்ல இருட்டுல தூங்கச் சொன்னா. இருட்டுனாத்தான் மூளையில மெலடோனின்னு ஒண்ணு சுரக்குமாம். கருமுட்டையைச் சுத்தியிருக்க தண்ணியில அதுவும் இருக்குதாம். முட்டை முத்துறதுக்கும், கரு பிடிச்சு வளர ஆரம்பிக்கிறதுக்கும் அது துணையா இருக்கலாமாம். இன்னும் ஆராய்ச்சிதான் பண்ணுதாங்களாம். ஆனா இருட்டுக்குச் செலவில்லையேன்னா."

"கிறுக்கச்சி! கோழிப்பண்ணையில பல்பு போட்டுல்லா குஞ்சு பொரிக்கான்?"

"உங்க மருமவ கோழியா?"

ஜுபைதா பீவி மாடியைக் கைகாட்டினாள்.

"உங்க லைட்டு நேரா மாடி ஜன்னல்ல அடிக்கி. அடைச்சா வேக்காடு. கறுப்புத் துணி கட்டுனோம். என் லைட்டுக்கே கறுப்புக்கொடி காட்டுதீகளான்னு அவுத்து எறிஞ்சது யாரு? உங்கள்ட்ட முட்டை, கருன்னு எப்படிப் பேச? அர்ஷியா அழுததைப் பாக்க முடியாம அவன்ட்டதான் போய் நின்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'அன்னைக்குக் கல்யாண வீட்டு வெளிச்சத்தைப் பிடுங்குனேன்க்கா. இன்னைக்கு இருட்டைக் குடுத்துட்டுப் போறேன். பொம்பளப் பிள்ளை விஷயம், வெளிய மூச்சு விட மாட்டேன்'னான்."

வெளியே டீ ஆறிக்கொண்டிருந்தது. காஜா முகைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். முகத்தில் கடுகடுப்பு குறையவில்லை.

"என்ன பாய், இவனை வேலையை விட்டு நிறுத்திரவா?" என்றார் தலைவர்.

"அவன் கல்யாணத்துல செஞ்சதை நான் மவுத்தானாலும் மறக்க மாட்டேன். அது வேற." தலைவர் பக்கம் திரும்பினார். "இந்த லைட்டைத் திருகச் சொன்னது என் வீட்டுலதான். கூசுதுன்னு."

கூட்டம் வாயைப் பிளந்தது. சங்கிலிபூதத்தான் பைய ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நழுவப் பார்த்தான்.

"ஏலே, எங்க ஓடுத? வேலையை ஒழுங்காச் செஞ்சியா நீ? அந்த மூலைக் கம்பத்து லைட்டும் என் வீட்டு மாடிக்குத்தான் அடிக்கி. ஏறுலே!"