குப்பைக்கூடையில் இரண்டு கோடு

குளியலறைக் குப்பைக்கூடையில் கிடந்த அந்தச் சின்னப் பட்டையை மருந்துக்கடைக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு கோடு. பளிச்சென்று.

மகள் விடுமுறைக்கு வந்து இறங்கி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

பட்டையைத் திருப்பி, பின்னால் அச்சிட்டிருந்ததைப் படித்தார். கர்ப்பம் பார்க்கிற பட்டை இல்லை, பால்வினை நோய் பார்க்கிறது. பிள்ளை உண்டானதாகவே இருந்து தொலைத்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது. இருபது வருஷமாகக் கடை நடத்துகிறவர். கள்ளத்தனமாகப் பழகினால் ஒட்டிக்கொள்கிற நோய் அது.

"இங்க வாடி!"

வந்தவள் பட்டையைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"எங்கேர்ந்து வந்துச்சு இது?"

"யுனிவர்சிட்டியில இலவசமா தர்றாங்கப்பா. லைப்ரரி வாசல்ல அலமாரியில இருக்கும். பேர்கூடக் கேக்க மாட்டாங்க. எடுத்துட்டுப் போய் நாமளே பார்த்துக்கலாம்."

"ஓஹோ! லைப்ரரிக்குப் போனா புஸ்தகம் எடுப்பேன்னு நெனச்சேன்!"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கொஞ்சம் மெதுவா..."

"நீ பேசாதே! எல்லாம் நீ குடுத்த செல்லம்." மகள் பக்கம் திரும்பினார். "சரி, அங்கேயே பார்த்துத் தொலைச்சிருக்க வேண்டியதுதானே? வீடு வரைக்கும் எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

பட்டையை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"நம்ம ஊர்க் கடையில வாங்கினா அரை மணி நேரத்துல என் காதுக்கு வந்துடும். மருந்துக்கடைச் சங்கத்துக்கே தலைவர் நான். அது தெரிஞ்சுதானே அங்கேர்ந்து கொண்டு வந்தே?"

"இதுக்கு வைத்தியம் இருக்குல்லங்க?" என்றாள் மனைவி.

"ஊசி போட்டா நோய் போயிடும். போன மானம் வருமா? மாசாமாசம் சரக்கெடுக்கறேன்னு நாலு நாள் வெளியூர்ல லோ லோன்னு அலையறேனே, யாருக்காக? இவ படிப்புக்காக!"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இது காத்துல வர்ற நோயில்லடி. ஒருத்தன் குடுத்தாத்தான் வரும். அந்த அயோக்கியன் யாரு? பேரைச் சொல்லு. சொல்லலைன்னா இன்னியோட உன் படிப்புக்கு முழுக்கு!"

கடைசி வருஷம். இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. மகளின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"அவ்வளவு அழுத்தமா? யார் அவன்?" கையை ஓங்கிவிட்டார்.

ஓங்கிய கையை மனைவி பிடித்துக்கொண்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"நான் கேட்டுத்தான் அவ எடுத்துட்டு வந்தா. டெஸ்ட் பண்ணிக்கிட்டது நான். இப்பக் கேளுங்க, யார் அவன்னு."