கழுத்துப் பட்டன்

கழுத்துப் பட்டன் வரை வந்து அய்யாவுவின் விரல்கள் மறுபடியும் நின்றுவிட்டன.

மேடையில் கவின் மோவாயைத் தூக்கியபடி காத்திருந்தான். அவன் மேல் சந்தன நிறப் பட்டு ஜிப்பா. இசை நாடகத்தில் அவன் மாப்பிள்ளை. அய்யாவு அவனுடைய அப்பா. பாடிக்கொண்டே மகனுக்குப் பட்டன்களைப் பூட்டி, கல்யாண மண்டபத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

“மாலை காத்திருக்கு மகனே, போய்...” என்று இழுத்தார். அதற்கு மேல் குரல் எழவில்லை. கீபோர்டு கொஞ்ச தூரம் தனியாகப் போய் ஓய்ந்தது.

“போய் வா, அண்ணே. போய் வா,” என்றாள் ஷாமளா. நாடகத்தை எழுதி இயக்குபவள் அவள்தான். மற்ற நாட்களில் பள்ளிக்கூட டீச்சர். “கல்யாணத்துக்குப் போற புள்ளைய வெறும் ‘போ’ன்னு சொல்லியா அனுப்புவாங்க? ஒவ்வொரு தடவையும் அந்த ‘வா’வ முழுங்கிடுறீங்க.”

“தெரியுது, டீச்சர்.”

“கழுத்துப் பட்டனும் போட மாட்டேங்கிறீங்க.”

“போடட்டும், ஆனா மெதுவா லா,” என்றான் கவின். “மொதல் தடவ இறுக்கிட்டாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே என்னை முடிச்சிருவாரு போல.”

எல்லாரும் சிரித்தார்கள். அய்யாவு பூட்டிய பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு கவினின் இரண்டு தோள்களிலும் கை வைத்து, சற்று நேரம் அப்படியே நின்றார்.

“மொதல்லேருந்து போலாமா?” என்று கேட்டார்.

மத்தியானம் வந்ததிலிருந்து இந்த ஒரு காட்சியைத்தான் கேட்டுக் கேட்டுச் செய்துகொண்டிருந்தார். ஃபேக்டரி வேன் ஓட்டுபவர். முன்பெல்லாம் மேடைக்கு இழுத்துக்கொண்டுபோக வேண்டியிருக்கும். நடிப்பில் பிடிப்பு வந்துவிட்டது என்று ஷாமளா நினைத்துக்கொண்டாள்.

தேநீருக்காக ஒத்திகை நின்றபோது அவளிடம் வந்தார். கவின் கழற்றிப் போட்ட ஜிப்பாவை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

“டீச்சர், இத வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குக் குடுப்பீங்களா?”

“அலமாக்,” என்று பதறினாள் ஷாமளா. “ஒண்ணே ஒண்ணுதான் தச்சிருக்கோம், அண்ணே. சனிக்கிழமை ஷோ. எதுக்கு?”

“தீபனுக்கு. போட்டோ எடுக்கணும்.”

தீபன் அவருடைய ஒரே மகன். குழுவில் யாரும் அவனைப் பார்த்ததில்லை. கேட்டால், “அந்தப் பக்கம் இருக்கான்,” என்பார் அய்யாவு. மலேசிய எல்லை ஊரான ஜொகூர் பாருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் பாலம் தாண்டி சிங்கப்பூரில்தான் இருக்கிறார்கள். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

ஷாமளாவின் முகம் மலர்ந்தது. “ஒரு வார்த்த சொல்லல, பாத்தீங்களா. ஏன், புதுசாவே வாங்கலாமே?”

“கடை கடையா ஏறி எறங்கிட்டேன். அளவு தெரியல. இத்தன வருசமா கண்ணாடி வழியாத்தானே மூஞ்சியப் பாத்துப் பேசுறோம். மெலிஞ்சிருக்கான்னு தெரியுது, எவ்வளவுன்னு தெரியல.”

“எல்லார் வீட்டுலயும் அந்தக் கததான்,” என்று ஷாமளா தன் போனின் கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள்.

“கவின் ஒடம்புதான் இருக்கும் அவனுக்கும். இன்னைக்குக் கை வச்சுப் பாத்தேன்.”

“அவனையே வந்து போட்டுப் பாக்கச் சொல்றது?”

“வர முடியாது. நாங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும்.”

“பொண்ணு எந்த ஊரு?”

ஜிப்பாவின் ஒரு கை மடிப்பிலிருந்து நழுவித் தொங்கியது. அய்யாவு அதை எடுத்து நெஞ்சுப் பக்கம் மடித்துவைத்தார். மண்டபத்துக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கம் என்று ஷாமளா சிரித்துக்கொண்டாள்.

ஒரு துணிப்பையை எடுத்து, ஜிப்பாவை வாங்கி உள்ளே வைத்தாள். “கறை படாமப் பாத்துக்குங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரஸ் போட்டுப் பிராக்டிஸ். நீங்களும் சட்டையும் இங்க இருக்கணும்.”

“சட்டை வந்துரும். மத்தியானமே குடுத்துருவாங்க.”

“பட்டன நீங்களே போட்டு விடுங்க. இங்க வராத ‘போய் வா’ அங்க தன்னால வரும், பாருங்க.”

“தொட விட மாட்டாங்க, டீச்சர். நாங்க வாசல்ல குடுத்தா, அவங்களே உள்ள வச்சுப் போட்டோ எடுத்துத் தருவாங்க.”

“அது யாரு, தொட விடாதவங்க? பொண்ணு வீடா?”

அவர் பையின் காதுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மேடையில் கவின் அந்த வரியைத் தனியாகப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ‘போய் வா’ சுலபமாக வந்தது. அது முடியும்வரை அய்யாவு கேட்டுக்கொண்டு நின்றார்.

“வெள்ளிக்கிழமை விடியக்காலையில அவனத் தூக்குல போடுறாங்க, டீச்சர்.”