மிளகாய் நெடி

வாணலி காய்ந்துவிட்டது.

மிளகாயை அள்ளிப் போட்டாள். ஒரு கை. அப்புறம் இன்னொரு கை.

உப்பு ஜாடி பக்கத்திலேயே இருந்தது. மிளகாய் வறுக்கும்போது நாலு கல் உப்பைப் போட்டால் நெடி அடங்கிவிடும். பாவாடை கட்டிய வயதிலிருந்தே அவளுக்குத் தெரிந்த விஷயம்.

ஜாடியை மூடி, எட்டத் தள்ளி வைத்தாள்.

போய் ஜன்னலைத் திறந்தாள். மாடிப்படியைப் பார்த்த வாசல் கதவையும் அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள்.

அறை மூலையில் மிளகாய் மூட்டை. சந்தையில் விலை இறங்கிய அன்றைக்கு, கையில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு வாங்கியது. மில்லில் புருஷனுக்கு வேலை போனதிலிருந்து பாக்கெட் பொடி இந்த வீட்டுப் படியேறவில்லை. இதையும் மல்லியையும் காயவைத்து அரைத்துவிட்டால் அடுத்த ஐப்பசி வரைக்கும் குழம்புக்குக் கவலையில்லை.

வெயில்தான் வேண்டும்.

வெயில் இருந்தது, மொட்டைமாடியில். மொட்டைமாடிக் கதவில் காலையிலிருந்து பூட்டும் இருந்தது.

பூட்டியவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர் தண்டபாணி. நேர் மேல்வீடு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"வாடகைக்கு இருக்கறவங்களுக்கு மாடி எதுக்குங்க? பத்து ரூபாய்க்குக் கடையில பாக்கெட்டு தொங்குது. எங்க வீட்டுலயே வத்தலு, வடகம்னு ஒண்ணும் மேல கொண்டு போகக்கூடாதுன்னு நிறுத்திப்போட்டேன். வாயைத் திறக்கலையே என் சம்சாரம்."

மூட்டைக்குள் கையை விட்டால் ஈரம் தெரிந்தது. அடியில் இரண்டு மூன்று காம்புகளில் வெள்ளையாய்ப் பூசணம். மறுபடி மழை பிடித்துக்கொண்டால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

வாணலியில் மிளகாய் கறுத்தது.

முதல் இருமல் அவளுடையது. முந்தானையை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளறினாள்.

அடுத்த இருமல் எதிர்வீட்டில். பிறகு கீழ்வீட்டில். யாரோ ஓயாமல் தும்மினார்கள். ஒரு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. இன்னொன்று திறந்தது.

சாத்தினாலும் நெடி உள்ளே போயிற்று. திறந்தாலும் போயிற்று. எது சொந்த வீடு, எது வாடகை வீடு என்றெல்லாம் நெடி பார்க்கவில்லை.

மேலே தண்டபாணியின் குரல் எழுந்தது. "யாரது அங்க" என்று அதட்டலாய்த் தொடங்கி, இருமலில் போய் முடிந்தது.

இன்னொரு கை போட்டாள்.

படியில் செருப்புச் சத்தம். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

வந்தது அவரில்லை. அவர் மனைவி பூங்கோதை.

கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது அந்த அம்மாளுக்கு. துடைத்துக்கொண்டே வாணலியைப் பார்த்தாள். மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். எட்டத் தள்ளி மூடி வைத்திருந்த ஜாடியைப் பார்த்தாள்.

அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உப்புப் போட மறந்துட்டியா கண்ணு?"

"மறக்கலைங்க்கா."

பூங்கோதை சிரித்தாளா இருமினாளா, தெரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த மாடிச் சாவியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள்.

"குடுத்தாருங்களா?"

"எடுத்தேன்."

மேலே இருமல் நிற்கவில்லை. நடுநடுவே பூங்கோதையின் பெயரைச் சொல்லி ஒரு கூப்பாடு.

நினைத்த காரியம் முடிந்தது என்று, கிளறிக்கொண்டிருந்தவள் உப்பு ஜாடிக்குக் கை நீட்டினாள்.

பூங்கோதையின் கை முந்திக்கொண்டது. ஜாடியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கதவோரம் தரையில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும். இன்னொரு கை போடு."