குடும்ப சர்வருக்கு ஒரு ஃபில்டர்

குடும்பத்துக்கென்று வீட்டிலேயே ஒரு சாட் சர்வர் வைத்திருந்தார் ஓய்வுபெற்ற இன்ஜினீயர். அதில் தினமும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட்டு அவர் உயிரை வாங்கினான் தம்பி.

"உன் குப்பைக்கு இன்னியோட முடிவுடா! ஃபில்டர் எழுதிட்டேன்," என்றார் போனில்.

"என் பேரைப் போட்டுத் தடுக்கிறியாண்ணே?"

"அந்தப் பழி எனக்கெதுக்கு? இத்தனை வருஷமா யாரு அனுப்பினதை யாருமே திறக்கலைன்னு அதுவே பார்த்து, ஸ்பேம் பெட்டியில தள்ளிடும்."

மறுநாள் குழுவில் எழுதினார்: 'வியாழக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். யாராவது துணைக்கு வாங்க.'

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ரோஜா மட்டும் வழக்கம்போல வந்தது. 'ஃபில்டருக்கு இன்னும் புத்தி வரலை' என்று பல்லைக் கடித்தார்.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். ஒற்றைக் கண் கட்டோடு தனியாகத் திரும்பினார். மகளைப் போனில் பிடித்துப் பொரிந்து தள்ளினார்.

"ஆபரேஷனா? எனக்கு ஒண்ணுமே வரலியேப்பா! சித்தப்பாவோட ரோஜாதான் வந்துச்சு. பார்த்துட்டு சிரிச்சேன்."

ஸ்பேம் பெட்டியைத் திறந்தார். அதில் கிடந்ததெல்லாம் அவர் எழுதியவை.

கட்டில்லாத கண்ணால் ஃபில்டரை வரிவரியாகச் சரிபார்த்தார்.

ஒரு தப்பும் இல்லை.