நாலு தலைமுறை மோரோ

"இவனைப் பார்த்தா மோரோ மாதிரியா இருக்கு? சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கான்!"

மைச் சிமிழும் கையுமாக, வேஷம் போட்டுவிடும் லொரெட்டோ சொன்னதும் வேஷம் கட்டி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிமூனும் சிரித்தான். வேறு என்ன செய்வான்?

ஒரு காலத்தில் மொராக்கோ பக்கமிருந்து கடல் தாண்டி வந்து ஸ்பெயினை ஆண்டவர்கள் மோரோக்கள்; இன்றைக்கும் மொராக்கோக்காரனுக்கு இங்கே அதே பெயர்தான். அவர்களோடு கிறிஸ்தவர்கள் போட்ட சண்டையை நடித்துக் காட்டும் திருவிழா வந்தால் ஊரில் பாதி மோரோ வேஷம் கட்டும், மீதி கிறிஸ்தவ வேஷம் கட்டும். மோரோ வேஷத்துக்குத்தான் அடிதடி.

மிமூனுக்கு வேஷமே தேவையில்லை. அவன் மொராக்கோவில் நடோர்காரன். அந்த மலைப்பக்கத்தில் வெள்ளைத் தோலும் பச்சைக் கண்ணும் சர்வசாதாரணம். இங்கே போர்வை ஆலையில் வேலை. தெருவோரம் வேடிக்கை பார்க்க நின்றவனை வரிசைத் தலைவர் பாஸ்குவால்தான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"செந்தோ குடிச்சுட்டு மட்டையாயிட்டான். வரிசையில ஓர் ஆள் குறையுது. அவன் அங்கி உனக்குச் சரியா இருக்கும், மாட்டு தம்பி!"

"எனக்கு ஆடத் தெரியாதுண்ணே."

"ஆட்டம் என்ன ஆட்டம்? தோளோட தோள் சேர்த்து, மெதுவா, திமிரா நடக்கணும். மோரோ எப்படி நடப்பான்னு தெரியுமில்ல?"

"கொஞ்சம் தெரியும்."

லொரெட்டோ அவன் முகம் முழுக்க மையை அப்பினாள். "ம், இப்பதான் மோரோ!"

"பேச்சு ஒரு தினுசா இருக்கே, எந்தப் பக்கம்? வடக்கே கலீசியாவா?" என்றார் பாஸ்குவால். பதில் சொல்வதற்குள் முரசு முழங்கிவிட்டது.

தெருவே எழுந்து நின்று கைதட்டியது. மாடிகளிலிருந்து பூவும் காகிதத் துண்டும் கொட்டின. வாளைச் சுழற்றியபடி முன்னால் போன பாஸ்குவால், ஊர்வலம் நின்ற இடத்தில் வந்து மிமூனின் தோளில் கை போட்டார்.

"பிறவி மோரோடா நீ! நான் நாலு தலைமுறை மோரோ. எங்கப்பாவை இந்த அங்கியோடதான் புதைச்சோம். கிறிஸ்தவ வேஷம் கட்டுன பயலுக்கு என் பொண்ணைக்கூடத் தரமாட்டேன்!"

மிமூனுக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த ஊரில் அவன் தோளில் யாரும் இப்படிக் கை போட்டதில்லை. எதிர்மாடியில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்கியது. நடோரில் மனைவி, முகம்கூடப் பார்க்காத மகள். வீடு என்று ஒன்றைக் காட்டினால்தான் அரசாங்கம் அவர்களை வரவிடும். போனில் அவன் பெயரைக் கேட்டதுமே எல்லா வீடும் ஏற்கெனவே வாடகைக்குப் போய்விட்டிருந்தது.

"அண்ணே, அந்த வீடு யாரோடது?"

"அதுவா? என்னோடதுதான். ஏன், வேணுமா?"

"வேணும்ணே. பெண்டாட்டி, கைக்குழந்தை... கூட்டிட்டு வரணும்."

"நல்லதாப் போச்சு! புள்ளைங்க சத்தம் இல்லாம வீடே வெறிச்சுனு கிடக்கு. என் வரிசையில நடந்தவன் என் ஆளுடா. நாளைக்கே வந்து சாவி வாங்கிக்க."

மிமூனுக்குக் கண் கலங்கியது.

"சரி, உன் பேரையே கேக்கலையே?"

ஒரு நொடி யோசித்தான். வேறு பெயர் எதையாவது சொல்லிவிடலாம். ஆனால் நாலு தலைமுறை மோரோவிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

"மிமூன்."

"மிமூனா? இது என்ன பேரு? கலீசியாவுல இப்படியெல்லாமா வைக்கிறாங்க?"

"கலீசியா இல்லைண்ணே, மொராக்கோ. நடோர்."

தோளில் கிடந்த கை இறங்கிவிட்டது. பாஸ்குவால் ஒட்டுத் தாடியைச் சரிசெய்தார். தலைப்பாகையைச் சரிசெய்தார். பக்கத்து வரிசையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மிமூனை மட்டும் பார்க்கவில்லை.

"அந்த வீட்டை... என் மச்சான் கேட்டிருந்தான். மறந்தே போச்சு."

"இப்பதானேண்ணே சாவி தர்றேன்னீங்க?"

மறுபடி முரசு முழங்கியது. பாஸ்குவால் வாளை உயர்த்தி, "மோரோக்கள் வாழ்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தெருவே திருப்பிக் கத்தி ஓய்ந்ததும் மிமூனின் காதோரம் குனிந்தார்.

"தப்பா எடுத்துக்காதே தம்பி. மோரோக்களுக்கு நான் வீடு தர்றதில்லை."